பக்கம் 61-க்கு ஒரு பிழைத்திருத்தல் பத்திரம்

முனியசாமி மச்சான் எனக்கு எழுதும் கடிதங்களில் வெற்றிடம் இருக்காது. எழுதி முடித்தபின் காகிதத்தின் அடியில் நாலு விரற்கடை மிஞ்சினால் அதன் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார். பிற்பாடு எவனும் அந்த இடத்தில் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. அவருடைய புஞ்சையின் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலத்துக்காக எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர் அவர். அந்த எட்டு வருடத்தில் மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையை இழந்து, அதை அப்படியே எழுத்தின் மேல் மாற்றிக்கொண்டார்.

2009 பிப்ரவரி முதல் வாரம் பினாங்குக்கு வந்த கடிதத்திலும் அந்தக் கோடு இருந்தது. விஷயம் இதுதான். அவருடைய கடைசி மகள் தேன்மொழி இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டாள். வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு. பிரபஞ்சத்தின் தொடக்கத்தை, அது பிறந்த கணத்திலேயே திடீரென்று பெருத்தது என்னும் பெருவீக்கக் கொள்கை இல்லாமல் வேறு விதமாக விளக்க முடியுமா என்பது அவள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். மாதக் கடைசிக்குள் பதில் அனுப்ப வேண்டும். விடுதிப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும்.

மச்சான் எழுதியிருந்தார்: "நீ எழுதிய புத்தகத்தின் 61ஆம் பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில், இந்த மாற்றுக் கருத்துகளுக்கு இனி வேலையில்லை என்று கண்டிருக்கிறது. வேலையில்லை என்று அச்சில் வந்தபின் பிள்ளையை எப்படி அனுப்புவது? நீ நேரில் வந்து உன் வாயால் அவளிடம் சொல்லிவிட்டுப் போகவும்."

என்னைப் பற்றி ஒரு பத்தி. துறைமுகத்தில் ஆவணக் காப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். 1974 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒருநாள் தவறியதில்லை. படித்த வானியலையெல்லாம் தேதிவாரியாகத் தொகுத்து 2004இல் சொந்தமாக ஒரு புத்தகம் போட்டேன். அதை அடிக்கோடிட்டுப் படித்த ஒரே வாசகர், எனக்குத் தெரிந்து, மச்சான்தான். அவர் அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா? ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததும் பாக்கியிருந்தது. கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 21, சனிக்கிழமை. சாயல்குடிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தப்பு. வழி நெடுக மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். குண்டு மிளகாய், கோலிக்குண்டு அளவு, களத்தில் இடம் போதாமல் சாலையின் பாதி வரை சிவப்பாக வந்திருந்தது. பஸ் அதை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நான் தும்மத் தொடங்கினேன். பதினேழு வரை எண்ணினேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "வெளிநாடா அண்ணாச்சி?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஊர்க்காரகளா இருந்தா மூணோட நின்னுரும்."

பினாங்கில் மழை பெய்யாத வாரம் கிடையாது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம், நடுவில் பனை, அதற்கும் அப்பால் உப்பளத்தின் வெள்ளை. அப்பா இந்த ஊரை விட்டுக் கப்பலேறியதற்குக் காரணம் கேட்டு நான் அவரைத் தொந்தரவு செய்ததுண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி நின்ற இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்தது. மதிய வெயில் அப்படி.

மச்சான் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா கேட்டுக் கேட்டு ஊற்றினார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சான் பீரோவைத் திறந்து, பட்டா, சிட்டா எல்லாம் வைக்கும் தகரப் பெட்டியிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். 61ஆம் பக்கத்தை விரித்து, கோர்ட்டில் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"ஆகவே, 2003 பிப்ரவரி 11 அன்று வெளியான செயற்கைக்கோள் அளவீடுகளோடு இவ்விவாதம் முடிவுக்கு வந்தது. மாற்றுக் கருத்துகளுக்கு இனி வேலையில்லை."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேதி சரி, வாக்கியமும் நன்றாக அமைந்திருந்தது.

தேன்மொழி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நின்றாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். "மாமா, இதை எழுதுறதுக்கு முன்னாடி அந்த மாற்றுக் கருத்தையெல்லாம் எதுல படிச்சீங்க?"

பல இடங்களில் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். உண்மையில் நான் படித்தது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கப் பெட்டிச் செய்தி. படித்த தேதிகூட நாட்குறிப்பில் இருக்கிறது. படித்ததுதான் அரைப் பக்கம்.

பிப்ரவரி 22, ஞாயிறு. ராமேஸ்வரத்துக்கு என்னோடு அக்காவையும் தேன்மொழியையும் அனுப்புவது மச்சானின் திட்டம். மிளகாய் களத்தில் கிடப்பதால் அவர் வரவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது என்னைத் தனியே இழுத்து, "போற வழியில அங்கன இங்கன பேசிக்கிட்டே போ மாப்பிள்ளை. திரும்பி வரையில புள்ள மனசு மாறியிருக்கணும்" என்றார். படிவத்தையும் அவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கீழக்கரையில் பஸ் நின்றபோது இறங்கித் தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டி இறக்கிய பண்டம். எங்கள் ஊரில் இதே பண்டம், கிட்டத்தட்ட இதே பெயர், மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கிண்டுவார்கள். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவராம். தொதல் இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஆளுக போயிட்டும் வந்துட்டும் இருந்தாகள்ல, எப்படியோ கலந்துருச்சு" என்றார் அவர். எந்த வருடம் என்று கேட்க நினைத்தேன். பஸ் ஹாரன் அடித்தது.

உச்சிப்புளி தாண்டி டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம் புளிய மரத்தடி. அந்த முக்கால் மணியில் நான் மச்சான் சொன்ன வேலையைத் தொடங்கினேன். ஐந்து வருடம் என்பது சின்னக் காலம் இல்லை, முடிந்துபோன விவாதத்தில் அதைச் செலவிடலாமா என்றெல்லாம் பேசினேன். தேன்மொழி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்கு வெற்றி போலத் தோன்றியது.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் கீழே ரயில் பாலத்தில் ஒரு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடலில் படகுகள் வரிசையாக நின்றன. காற்றில் கருவாட்டு வாடை. நான், அந்த ரயில் பாலம் 1914இல் திறந்தது, நாம் போகும் பாலம் 1988, எங்கள் பினாங்குப் பாலம் 1985 என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பஞ்சவர்ணம் அக்கா பொறுத்துப் பார்த்தார். "ஊருல உள்ள தேதியெல்லாம் வச்சிருக்கீகளே தம்பி, எங்க கல்யாணம் என்னைக்குச் சொல்லுங்க பாப்போம்." சொன்னேன், கிழமையோடு. பத்திரிகை என்னிடம் இருக்கிறது. அக்கா கொஞ்ச நேரம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையா? நான் இத்தன நாளும் வியாழன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பிப்ரவரி 23, திங்கள், சிவராத்திரி. காலை ஆறு மணிக்கே தீர்த்தமாடும் வரிசை அக்னி தீர்த்தக் கடற்கரை வரை வந்துவிட்டது. கடலில் ஒரு முழுக்கு, பிறகு கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணற்றின் மேல் நின்று ஒருவர் வாளியால் இறைத்துத் தலையில் கொட்டுவார். அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். ஈரத் தரையில் ஆயிரம் பேர் ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆறாவது கிணற்றில் என் மூக்குக்கண்ணாடி போனது. எட்டாவது கிணற்றில் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்களுக்கு முன்னால் வடநாட்டுப் பெண்கள் நாலைந்து பேர். அதில் வயதான அம்மாள் ஒவ்வொரு கிணற்றிலும் கையில் ஏந்திக் கொஞ்சம் குடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் என்னமோ புகார் சொல்லிக்கொண்டே வந்தார். விடுதியில் இந்தி பழகியிருந்த தேன்மொழி சிரித்தாள். அந்த அம்மாள் கேட்டது இதுவாம்: 'பத்தடி தள்ளித்தான் இருக்கிறது அந்தக் கிணறு. அது கரிக்கிறது, இது இனிக்கிறது. ஒரே கோவில் தண்ணீர் ஏன் இப்படி வேறு வேறாக இருக்கிறது?'

"அந்தம்மாவுக்கு நீங்க பதில் சொல்லுங்க மாமா" என்றாள் தேன்மொழி.

ஊற்றுக்கண் வேறு, அதனால் ருசி வேறு என்றேன்.

"அப்ப வேற வேறயா இருக்கிறதுதான் இயல்பு. ஒரே மாதிரி இருந்தாத்தான் ஏன்னு கேக்கணும். இல்லையா?"

அடுத்த வாளித் தண்ணீர் என் தலையில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் அவள் எங்கே வருகிறாள் என்று புரிந்தது. என் புத்தகத்தில் இது 54ஆம் பக்கம். ஆதிவெப்பத்தின் மிச்சம் வானம் முழுதும் பரவியிருக்கிறது. வானத்தின் இந்தக் கோடியில் அளந்தாலும் எதிர்க்கோடியில் அளந்தாலும் சூடு ஒன்றுதான். லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் வேறுபாடு. அந்த இரண்டு கோடிகளின் ஒளியும் நம்மிடம் வந்து சேரவே பிரபஞ்சத்தின் வயது முழுவதும் ஆகியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சேதி போக நேரமே இருந்ததில்லை. சந்தித்தே இராத இரண்டு கிணறு எப்படி ஒரே ருசி?

ஈரத்தோடு வெளியே வந்து ஓட்டலில் உட்கார்ந்தோம். கல்லில் தோசை ஊற்றுவது தெரிகிற மாதிரி இடம். தேன்மொழி அதைக் கைகாட்டினாள். "பிரபஞ்சம் ஊதுற பலூன் மாதிரின்னு நீங்க புத்தகத்துல போட்டிருக்கீங்க. எனக்குத் தோசைதான் பிடிக்கும். ஒரு கரண்டி மாவு. அதைக் கண்ணிமைக்கிற நேரத்துல ராமநாதபுரம் ஜில்லா அகலத்துக்கு இழுத்துட்டா, எந்த ஓரத்தைப் பிச்சாலும் ஒரே ருசி. ஏன்னா எல்லாம் ஒரே கரண்டி. பெருவீக்கம் சொல்றது இதான். நல்ல பதில் மாமா. நான் அதை மட்டம்னு சொல்லவே இல்ல."

பிறகு ஏன் மாற்று தேட வேண்டும் என்றேன்.

"அவ்வளவு வேகமா இழுத்த கை யாருது? இழுக்க ஆரம்பிச்சது ஏன், நிறுத்துனது ஏன்? அதுக்கு முன்னாடி கல்லுல என்ன இருந்துச்சு? இதுக்கு இன்னும் சரியாப் பதில் இல்ல. நல்ல பதில் ஒண்ணு கெடச்சதும் கேள்வியே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிர முடியுமா?"

அக்கா இன்னொரு தோசை சொன்னார். ஜில்லா அகலத்துக்கு வேண்டாம், முறுகலாக இருந்தால் போதும் என்றார்.

மதியம் தனுஷ்கோடி. தார்ச்சாலை முடிகிற இடத்தில் வேன் மாற வேண்டும். வேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மீன் ஏற்றிய வண்டியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் மாறி மாறி ஓட்டினார் டிரைவர். இடது கையில் பெண்கடல், அசையாமல் கிடந்தது. வலது கையில் ஆண்கடல், குமுறிக்கொண்டிருந்தது. நடுவில் நாங்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பயணத்துக்கு மூன்று இலாகாக்களில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இங்கே டிரைவர் பீடியை அணைத்தது மட்டுமே பாதுகாப்பு ஏற்பாடு.

பாதி வழியில் பின்சக்கரம் புதைந்தது. "ஆம்பளைக எறங்குங்க, பொம்பளைக இருங்க" என்றார் டிரைவர். தேன்மொழி சுடிதாரை மடித்துக்கொண்டு இறங்கினாள். "நீ ஏன் தாயி எறங்குற?" "வெயிட்டு குறையட்டும்ணே." மூன்று முறை தள்ளினோம். சக்கரம் இன்னும் ஆழமாகப் போனது. வேறொரு வண்டி வந்து இழுக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று ஆனதும், அக்கா வண்டியிலேயே தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். அந்தக் குண்டு மிளகாய்தான், மோரில் ஊறிக் காய்ந்து வறுபட்டது.

எப்படி எல்லா மிளகாயிலும் உப்பு ஒரே அளவாக இருக்கிறது என்று நான் கேட்டது சாப்பாட்டைப் பாராட்டத்தான். "உப்பு மோருல நாளுக்கணக்கா ஊறணும் தம்பி. பகல்ல காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோருல போடணும். அவசரப்பட்டு மொத நாளே எடுத்தா ஒண்ணு கரிக்கும், ஒண்ணு சப்புன்னு இருக்கும்."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். "எங்க கட்சி இதான் மாமா. அம்மா சொல்லிட்டாங்க."

வண்டி நகராததால் நிதானமாகச் சொன்னாள். இன்று நாம் காணும் விரிதலுக்கு முன்பு, பிரபஞ்சம் நெடுங்காலம் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஊற வேண்டிய அளவுக்கு ஊறி, எல்லா இடமும் ஒரே பதத்துக்கு வந்தபின், ஒரு கட்டத்தில் திரும்பி விரியத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் திடீர் வீக்கம் தேவையில்லை. நாம் தொடக்கம் என்று சொல்வது தொடக்கமே இல்லை, ஒரு திருப்பம். அது ஒருமுறைதான் நடந்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. சுருங்கியது எப்படித் திரும்பி விரிந்தது என்பதில்தான் எல்லோருக்கும் சிக்கல், அதையும் ஒளிக்காமல் சொன்னாள். இன்னொரு கட்சி, ஆதியில் ஒளியின் வேகமே இப்போதைவிட அதிகம், அதனால் சேதி போக நேரம் இருந்தது என்கிறது.

"அப்ப வேகமா ஓடுனது இப்ப மெதுவா ஓடுதா?" என்றார் அக்கா, புதைந்த சக்கரத்தை எட்டிப் பார்த்தபடி. "நம்ம வண்டி கணக்கா."

நான் கேட்டேன், இதில் எது சரியென்று எப்படித் தெரியும்? ஐரோப்பாவிலிருந்து இந்த வருடம் ஒரு புதிய செயற்கைக்கோளை ஏவப் போகிறார்கள் என்றாள். வேகமாக இழுத்த தோசையில் கரண்டித் தடம் இருக்க வேண்டும். ஆதி ஒளியில் ஈர்ப்பலைகள் விட்ட ஒரு சுழிப்பு அது. மெதுவாக ஊறியதில் அந்தத் தடம் தெரிகிற அளவுக்கு இருக்காது. இதுவரை தேடியவர்களுக்கு அகப்படவில்லை.

"அகப்பட்டுட்டா?"

"எங்க கட்சி அநேகமாத் தோத்துரும். எப்படித் தோத்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வருவேன். இல்லாத வேலையைச் செய்யப்போறேன்னு அய்யா நெனச்சுக்கிட்டிருக்காரு, அதான் மாமா எனக்குக் கஷ்டமா இருக்கு. தோக்குறது பரவாயில்ல."

அரைப் பக்கப் பெட்டிச் செய்தியைப் பற்றி அப்போது அவளிடம் சொன்னேன். எனக்கு முடிந்த தேதி பிடிக்கும். திறப்பு விழா, மூடு விழா எல்லாம் நாட்குறிப்பில் அழகாக உட்காரும். முடியாததை எந்தத் தேதியில் எழுதுவது என்று தெரியாமல், 2003 பிப்ரவரி 11 கையில் கிடைத்ததும் கதவைச் சாத்திவிட்டேன். அந்த அளவீடுகள் பெருவீக்கத்தோடு நன்றாகப் பொருந்தின, அது மெய். மற்ற கதவுகள் சாத்தப்பட்டதாக அவற்றை வெளியிட்டவர்கள் யாரும் சொன்னதாக நான் படிக்கவில்லை. நானாகச் சேர்த்தது.

அவள் சிரிக்கவில்லை. "அய்யாகிட்ட சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் வேறொரு வண்டி கயிற்றோடு வந்துவிட்டது. கடற்கோடி வரை போய் நின்றோம். இரண்டு கடலும் சேரும் இடத்தை மக்கள் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய். பகல் முழுதும் பஸ். சாயல்குடியில் இறங்கியதும் களத்துக்கே போனேன். மச்சான் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் தும்மலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். 61ஆம் பக்கம் தவறு, அவள் போகலாம் என்றேன்.

அவர் கோலை ஊன்றி நின்றார். "என்ன மாப்பிள்ளை, அச்சுல ஒண்ணு, வாயில ஒண்ணா? புள்ள அழுதுச்சா?"

அழவில்லை, விளக்கினாள் என்றேன்.

"நான் எட்டு வருசம் எதுக்கு நடந்தேன், தெரியுமில்ல? எங்க பெரியய்யா கிழக்கு எல்லை ஓடை வரைக்கும்னு வாயிலதான் சொல்லிட்டுப் போனாரு. பத்திரத்துல வரப்பு வரைக்கும்னு இருந்துச்சு. வாய்ச்சொல்லக் கோர்ட்டுல எவன் கேட்டான்? பத்திரத்துல தப்பு இருந்தா என்ன செய்யணும்?"

பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும் என்றேன்.

"எழுது" என்று சொல்லிவிட்டு மிளகாயைப் புரட்டப் போய்விட்டார்.

பிப்ரவரி 25, புதன். மாதம் முடிய மூன்று நாள். சாயல்குடிக் கடைத்தெருவில் பத்திர எழுத்தர் காசிலிங்கத்தின் கடை, ஒரு டீக்கடையை ஒட்டினாற்போல. மேசை, நீளமான பதிவேடு, மூக்கு நுனியில் கண்ணாடி. மச்சானின் வழக்குக் காலத்துப் பழக்கம் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதைப் பதிவு செய்ய முடியாது என்றார். பதிய வேண்டாம், முறைப்படி எழுதினால் போதும் என்றார் மச்சான். எழுத்தர் யோசித்துவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

2009ஆம் வருடம் பிப்ரவரி மாதம் 25ஆம் தேதி, பினாங்கிலிருக்கும் இன்னார் எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால், என்று தொடங்கினார். எழுதி வாங்குகிறவர் யார் என்றார். மகள் பெயரைப் போடச் சொன்னார் மச்சான். பிழையுள்ள வரி, பக்கம், திருத்திய வாசகம் எல்லாம் நான் சொன்னேன். "மாற்றுக் கருத்துகளுக்கு வேலை இருக்கிறது" என்று எழுதியதும் பாதி வேலை முடிந்தது என நினைத்தேன்.

"சொத்து விவரம்?" என்றார் எழுத்தர்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் மகளைப் பார்த்தார். "பிரபஞ்சம்னு போடுங்க சார்" என்றாள் தேன்மொழி. அவர் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

"நாலு எல்லை?"

"நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டுன வரைக்கும். அதுக்கு மேல தெரியாது. காலத்துல ரெண்டு எல்லை உண்டு. இந்தப் பக்கம் இன்னைக்கித் தேதி."

"அந்தப் பக்கம்?"

அவள் பதில் சொல்வதற்குள் எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். "மொதல்ல மூலப்பத்திரம் காட்டுங்க. இந்தச் சொத்து இதுக்கு முன்னாடி யாருகிட்ட, எப்படி இருந்துச்சு? அது தெரியாம அந்தப் பக்கத்து எல்லையை நான் எப்படி எழுத?"

தேன்மொழி எழுத்தரிடம்தான் சொன்னாள், தகப்பனிடம் இல்லை. "அதைத் தேடத்தான் சார் போறேன். சொத்து திடீர்னு பெருசாச்சு, அந்த வேகத்துல முன்னாடி இருந்ததெல்லாம் அழிஞ்சிருச்சு, மூலப்பத்திரம் தேடிப் பிரயோசனமில்லன்னு ஒரு கட்சி. மாமா புத்தகம் அந்தக் கட்சி. முன்னாடி ஒரு பத்திரம் இருந்திருக்கலாம், இருந்தா இப்ப இருக்கிற சொத்துல அதோட அடையாளம் எங்கயாவது இருக்கும், தேடிப் பாத்துட்டு அப்புறம் இல்லன்னு சொல்லுங்கன்னு இன்னொரு கட்சி. நான் அந்தக் கட்சி."

மச்சான் மகள் பக்கம் திரும்பினார். எட்டு வருடத்தில் அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கடைசியில் பரமக்குடியில் பழைய காகிதக் கட்டு ஒன்றில், செல்லரித்த மூலப்பத்திரம் கிடைத்தது. ஓடை வரை என்று அதில் இருந்தது.

"இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்றார்.

"நீங்க எங்கிட்ட எங்கய்யா கேட்டீங்க? மாமாவைத்தானே கேட்டு எழுதுனீங்க."

மச்சான் என் பக்கம் திரும்பவேயில்லை. அதற்கு நான் நன்றியுள்ளவன். சட்டைப் பையிலிருந்து விடுதிப் படிவத்தை எடுத்து விரித்தார். அதில் காலியாக இருந்த கட்டங்களுக்கெல்லாம் வழக்கம் போலக் கோடு இழுத்தார். பிறகு தகப்பன் கையெழுத்துக்கான இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "மூலப்பத்திரம் தேட எனக்கு எட்டு வருசம் ஆச்சு. அதுவும் ஒரு ஏக்கருக்கு. அஞ்சு வருசம் உனக்குப் பத்துமா?"

அவள் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "பத்தலேன்னா எழுதிக் கேட்டு வாங்குவேன்" என்றாள்.

பத்திரம் பாக்கி இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு மச்சானும் டீக்கடைக்காரரும் போட்டார்கள். எழுத்தர் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்து, 'காலத்தில் அந்தப் பக்கத்து எல்லை' என்று எழுதி நிறுத்தியிருந்த வரியில் மீதி காலியாகக் கிடப்பதைக் கண்டார். அதன் குறுக்கே கோடு இழுக்க ஸ்கேலை வைத்தார்.

மச்சான் கையை நீட்டி ஸ்கேலைப் பிடித்தார்.

"அத விட்ருங்க. புள்ள வந்து எழுதும்."